சென்னையில் வேலை தேடுவோருக்கு ஒரு முன்னாள் மாணவனின் சில சொற்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, இந்த வருஷம் நீங்க பேசணும். பசங்க எல்லாரும் வேலையைப் பத்தித்தான் கேக்கிறாங்க. இருபது நிமிஷம் போதும்" என்றார். எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம். ஆகவே ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே மெக்கானிக்கல் முடித்தது 2009-ஆம் ஆண்டு. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அப்போது நாங்கள் கடைசி வருடம். "அவன் திவாலானா நமக்கென்ன?" என்று ஹாஸ்டல் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். நமக்கென்ன என்பது அடுத்த சில மாதங்களில் தெரிந்துவிட்டது. வெளிநாட்டில் கார் விற்கவில்லை என்றால், அதற்கு உதிரி பாகம் ஏற்றுமதி செய்யும் சென்னைத் தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட் குறையும். அந்தத் தொழிற்சாலைக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் அம்பத்தூர்ப் பட்டறையில் லேத் நிற்கும். லேத் நின்றால் புது ஆள் எதற்கு? கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தரவு வாங்கியிருந்த நண்பர்களுக்கே சேரும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. எங்களைப் போல உத்தரவே இல்லாதவர்கள் கோவில்பட்டியில் ரயில் ஏறினோம்.

இந்தப் பழங்கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. "மார்க்கெட் சரியில்ல சார், சரியானதும் தேடிக்கலாம்" என்று என்னிடம் சொல்லும் தம்பிகள் பலர். சென்னையில் நான் இருந்த இத்தனை வருடங்களில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கிண்டி, அம்பத்தூர்ப் பட்டறைகளில் மிஷின்கள் தண்ணீரில் நின்றன. 2020-ல் கொரோனா. 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் மறைமலைநகர் ஆலை நின்றது. இதே காலத்தில்தான் ஒரகடம் வளர்ந்தது. கைப்பேசி தயாரிப்பும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கே மறுபடி வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் மூடும், இன்னொரு பக்கம் திறக்கும். எல்லாம் சரியாக இருக்கும் வருடம் என்று ஒன்று வரும் என நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

வேலை எங்கே இருக்கிறது?

வெளியூரிலிருந்து வருகிறவனுக்குச் சென்னையில் கண்ணில் படுவது பெரிய பெயர்ப் பலகைகள் மட்டும்தான். நாலு வழிச் சாலையில் போகும்போது தெரியும் கார் கம்பெனி, கண்ணாடிக் கட்டடம், இவைதான் தொழிலுலகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே வாசலில் நம்மைப் போல ஆயிரம் பேர்.

ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள பாகங்களில் பெரும்பகுதியைக் கார் கம்பெனி செய்வதில்லை. பிரேக் ஒருவரிடம், ஸ்டீயரிங் ஒருவரிடம், சீட் ஒருவரிடம் வாங்குகிறார்கள். பிரேக் செய்கிறவரும் அதற்குள் வரும் பின், புஷ், பிராக்கெட் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. அவற்றை வெளியே கொடுத்து வாங்குகிறார். அந்த வெளி என்பதுதான் 1958-ல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டை, அதற்குப் பின் வந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, திருமுடிவாக்கம், காக்களூர். இருபது பேர், நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைகள். இவர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதில்லை. இன்டர்நெட்டிலும் போடுவதில்லை. போட்டால் வரும் ஐந்நூறு விண்ணப்பத்தைப் படிக்க அங்கே ஆள் கிடையாது. ஒரு ஆள் நின்றுவிட்டால், இருக்கிற ஆளிடம் "தெரிஞ்ச பையன் யாராவது இருக்கானா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

அந்தத் தெரிந்த பையனாக நாம் ஆவது எப்படி என்பதுதான் கேள்வி.

எனக்கு அது நம் கல்லூரி சீனியர் ஒருவரால் நடந்தது. அவர் இந்த அவையில் இருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை, அதனால் சொல்லவில்லை. ஒரு பெரிய கம்பெனியில் அப்போது அவர் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தார். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார்: "இங்க ஆள் எடுக்கல. இன்னும் ஒரு வருஷத்துக்கு எடுக்கவும் மாட்டாங்க. நீ இங்க அலையாதே." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு டெலிவரி சலான் ஒன்றின் பின்பக்கம் ஆறு பெயர் எழுதிக் கொடுத்தார். "இவங்க எங்களுக்கு சப்ளை பண்றவங்க. அம்பத்தூர், பாடி. இதுல ரெண்டு பேர்கிட்ட ரிஜெக்‌ஷன் ஜாஸ்தி. அவங்களுக்கு அளந்து பாக்க ஆள் இல்ல. அங்க போய்ப் பாரு."

கவனியுங்கள். அவர் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. சிபாரிசுக் கடிதமும் தரவில்லை. எந்தக் கதவைத் தட்டலாம், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன குறை இருக்கிறது என்று சொன்னார். பதினாறு வருடம் கழித்தும் அதைவிடப் பெரிய உதவி எதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேட்டில் என்ன பேசுவது?

அப்போது திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் ஓர் அறை. காலையில் பறக்கும் ரயிலில் பார்க் டவுன், அங்கிருந்து நடந்து சென்ட்ரல், ஆவடி லோக்கல் பிடித்துப் பட்டரவாக்கம். இறங்கினால் தொழிற்பேட்டை. ஜூன் மாத வெயிலில் சட்டையை இன் செய்துகொண்டு ஃபைலோடு நடந்தால், பத்தாவது பட்டறைக்குள் சட்டை வெளியே வந்துவிடும்.

நான் கற்ற சில நடைமுறைகளைச் சொல்கிறேன். இவை இன்றைக்கும் செல்லும்.

ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில் போகாதீர்கள். மாதக் கடைசி மூன்று நாளும் போகாதீர்கள், அது பில் போட்டுச் சரக்கு அனுப்பும் நெருக்கடி. பதினோரு மணி டீ முடிந்த நேரம் நல்லது. அந்த வருடங்களில் மின்வெட்டு வேறு உண்டு. மிஷின் நிற்கும் நேரத்தில்தான் முதலாளி பேசக் கிடைப்பார் என்பதால், எந்த ஏரியாவில் எப்போது கரண்ட் போகும் என்பதை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம். மின்வாரியத்தின் மேல் கோபப்படாத ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

வாட்ச்மேனிடம் மரியாதையாகப் பேசுங்கள். உள்ளே யாருக்கு ஆள் தேவை என்பது முதலாளிக்கு அடுத்தபடி தெரிந்தவர் அவர்தான். "அண்ணே, உள்ள க்யூ.சி. பாக்கிறவர் யாரு?" என்று பெயர் கேட்டுக்கொண்டு போனால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

உள்ளே போனதும் என்ன சொல்வது? ஆறு பெயர்களில் நான்காவது பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"என்ன தம்பி?"

"சார், பி.ஈ. மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன்."

"எல்லாரும் அதைத்தான் முடிச்சிருக்கீங்க. என்ன செய்யத் தெரியும்?"

"டிராயிங் படிப்பேன் சார். மைக்ரோமீட்டர், வெர்னியர் பிடிப்பேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஒரு டிரேயில் பத்து புஷ்ஷும், எண்ணெய்க் கறை படிந்த டிராயிங் ஒன்றும், ஒரு மைக்ரோமீட்டரும் எடுத்து வைத்தார். "இதுல தேறுறது எது, தேறாதது எது? பிரிச்சு வை" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டிராயிங்கில் வெளி விட்டம் 25 எச்7 என்று போட்டிருந்தது. அதாவது 25 மில்லிமீட்டருக்கு மேலே போகக் கூடாது, கீழே 0.021 வரை இறங்கலாம். தம்பிகளே, மூன்றாம் செமஸ்டரில் இது இரண்டு மார்க் கேள்வி. முதலில் மைக்ரோமீட்டரின் ஜீரோவைப் பார்த்தேன். புஷ்ஷைத் துணியால் துடைத்து, சூடு தணிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் அளந்தேன். மூன்று புஷ் 24.97 காட்டியது. அவற்றைத் தனியே வைத்தேன். அவர் திரும்பி வந்து பார்த்தார். அந்த மூன்றும் முந்தின நாள் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தவை. அவருக்கு முன்பே தெரியும்.

"நாளைக்குக் காலையில எட்டரைக்கு வா. நாலாயிரத்து ஐந்நூறு தருவேன். மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

பி.ஈ. படித்தவனுக்கு 4,500 ரூபாயா என்று 2009-லேயே சிரித்தவர்கள் உண்டு. அறைப் பங்கு 900, மெஸ்ஸுக்கு 1,800, சீசன் டிக்கெட், சோப்பு, சீப்பு போக ஊருக்கு அனுப்ப 1,000 ரூபாய் மிச்சம். அந்தப் பட்டறையில் 14 மாதம் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு அண்ணன் எனக்கு சி.என்.சி. மிஷினில் ஆஃப்செட் கொடுக்கக் கற்றுத் தந்தார். அங்கே கற்றதை வைத்துத்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் க்வாலிட்டி இன்ஜினியராகச் சேர்ந்தேன். இன்று அந்தத் துறைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது.

ஆள் எடுக்கிறவனாக ஒன்று சொல்கிறேன். இப்போது எல்லோருடைய பயோடேட்டாவும் அழகாக இருக்கிறது. கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நூறு விண்ணப்பத்தைப் படித்தால் நூறும் ஒரே ஆள் எழுதியது போலத் தோன்றுகிறது. அதனால் நான் பேப்பரைப் பார்ப்பதைக் குறைத்துவிட்டேன். மேஜையில் ஒரு பாகத்தையும் டிராயிங்கையும் வைத்துவிடுகிறேன். ஜீரோவைச் சரிபார்க்கிறவன் யார் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்

இப்போது கொஞ்சம் வருத்தமான விஷயம். என் அறை நண்பர் ஒருவர். நான்கு மாதம் தேடியும் எதுவும் அமையவில்லை. வீட்டிலிருந்து தினமும் இரவு ஃபோன் வரும். "ஏதும் தகஞ்சிதாப்பா?" என்று அவர் அப்பா கேட்பார். திட்டவெல்லாம் மாட்டார், அந்த ஒரு கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் ஃபோன் வரும் நேரம் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அந்த நிலையில் ஒரு கன்சல்டன்சிக்காரர் பிடித்துக்கொண்டார். பெரிய கம்பெனியில் "பேக்டோர்" வழியாக வேலை, 35,000 ரூபாய் டெபாசிட் என்றார். அவர் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. லெட்டர்ஹெட்டில் உத்தரவு வந்தது. சேரும் தேதியில் கம்பெனி வாசலில் போய் நின்றால், அப்படி ஓர் உத்தரவே தாங்கள் கொடுக்கவில்லை என்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் அலுவலகம் பூட்டு. நண்பர் ஊருக்கே போய்விட்டார். இன்று சொந்தத் தொழில் செய்து நன்றாக இருக்கிறார். அந்தச் சங்கிலி மட்டும் திரும்பவில்லை.

மாணவர்களே, இதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் அட்வான்ஸ் என்று என்ன பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கேயும் வைத்துவிட்டு வராதீர்கள். உத்தரவு வந்தால், அதில் உள்ள நம்பருக்குப் பேசாமல், கம்பெனியின் பொது நம்பருக்குப் பேசி உறுதி செய்யுங்கள். வேலை காட்டுகிறேன் என்று ஒரு வாரம் வரை சும்மா செய்யலாம், அதற்கு மேல் கூடாது.

பெற்றோர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். தினமும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேளுங்கள். மற்ற நாட்களில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும்.

காசில்லாமல் திறந்திருக்கும் வாசல்கள்

1961-ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டம் பொறியியல் பட்டதாரிகளுக்கும் உண்டு. ஒரு வருடப் பயிற்சி. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் நிர்ணயித்தார்கள். அதில் பாதியை மத்திய அரசு கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. தரமணியில் இதற்கென்று தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. பெரிய பொதுத்துறை நிறுவனங்களும் இதன் வழியாக ஆள் எடுக்கின்றன. நம் மாணவர்கள் இதை மட்டமாக நினைக்கிறார்கள். ஒரு வருட ஷாப் ஃப்ளோர் அனுபவத்தை வேறு யார் காசு கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள்?

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் மாதந்தோறும் ஒரு வெள்ளிக்கிழமை தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. தமிழ்நாடு அரசு 2020-ல் தொடங்கிய தனியார் வேலை இணையதளமும் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

மாணவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நான் சொன்ன மாதிரி பட்டறை பட்டறையாக ஏறி இறங்குவது உங்களுக்கும் அவ்வளவு சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். "லேடீஸ் எடுக்கிறதில்லம்மா" என்று வாசலிலேயே சொல்கிற இடங்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் தனியே அலைவதைவிட, அங்கே வேலை செய்யும் நம் கல்லூரி அக்கா ஒருவரைப் பிடித்து, எந்த இடம் பாதுகாப்பானது, கம்பெனி பஸ் எதுவரை வரும் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. தங்குவதற்குத் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. க்வாலிட்டி பிரிவிலும் டிசைன் பிரிவிலும் என்னோடு வேலை செய்யும் பெண்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். இதை முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. என் பிரிவின் ஆடிட்டைக் காப்பாற்றுகிறவர்களே அவர்கள்தான்.

இனி நம் பக்கம்

இதுவரை மாணவர்களுக்குச் சொன்னேன். இப்போது முன்னாள் மாணவர்களுக்கு. வயதில் மூத்தவர்கள் இருக்கிறீர்கள், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு தம்பி நமக்கு பயோடேட்டா அனுப்புகிறான். நாம் "ஃபார்வர்டு பண்ணிட்டேன்பா, பாக்கலாம்" என்கிறோம். அந்தப் "பாக்கலாம்" என்ற சொல்லை நம்பி அவன் மேன்ஷனில் இரண்டு மாதம் வாடகை கட்டுகிறான். இல்லை என்றால் ஒரு வாரத்துக்குள் இல்லை என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு, உங்களுக்குச் சப்ளை செய்கிறவர்கள், சர்வீஸ் செய்கிறவர்கள் யார், அங்கே என்ன குறை என்று இரண்டு பெயர் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு பெயருக்கு நமக்கு ஆகும் செலவு ஒரு டீ.

செயற்குழுவிடம் மூன்று யோசனைகள் வைத்திருக்கிறேன். ஒன்று, சங்கத்தில் ஒரு பதிவேடு. சென்னையில் உள்ள ஒவ்வொரு உறுப்பினரும் தமக்குத் தெரிந்த நிறுவனங்கள், எந்த மாதம் ஆள் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுத வேண்டும். வருடத்துக்கு இருமுறை திருத்த வேண்டும். இரண்டு, முதன்முதலாகச் சென்னை வரும் மாணவனுக்கு மூன்று இரவு தங்க இடம். இப்போது தெற்கேயிருந்து வரும் பஸ்ஸெல்லாம் கிளாம்பாக்கத்தில் நிற்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு அங்கே பெட்டியோடு இறங்குகிறவனுக்குப் போக ஒரு முகவரி இருக்க வேண்டும். மாணவி வந்தால் நம் கல்லூரிக் குடும்பம் ஒன்றின் வீடு. மூன்று, பணம் கேட்கும் ஏமாற்றுக்காரர்களைப் பற்றி உடனே எல்லோருக்கும் தகவல் போக ஓர் ஏற்பாடு.

கடைசியாகப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் 2009 வகுப்பு நண்பர்கள் சேர்ந்து ஆறு மைக்ரோமீட்டரும் நான்கு வெர்னியரும் இன்று காலை மெஷின் ஷாப்பில் ஒப்படைத்திருக்கிறோம். தயவுசெய்து பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். மாணவர்கள் கையில் கொடுங்கள். கீழே போட்டு உடைத்தால் உடைக்கட்டும், நாங்கள் வேறு வாங்கித் தருகிறோம். உடைத்தவன் அடுத்த முறை ஜாக்கிரதையாகப் பிடிப்பான்.

மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில், வலது பக்கம் மேஜையில் நான் சொன்ன பதிவேட்டை வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் நான் பதினொரு நிறுவனங்களை எழுதியிருக்கிறேன். பேனாவையும் நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம். இங்கே இன்ஜினியர்கள் அதிகம் என்பதால் பேனா தங்காது என்று அனுபவம் சொல்கிறது. ஆளுக்கு இரண்டு பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். இந்த மே மாதம் கல்லூரியை விட்டு வெளியே வரும் பிள்ளைகள் ரயில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டு ஏறட்டும்.